மூக்கைப் பொத்திய கை

“பச்சகுப்பம் தாண்டியாயிற்று; இனிக் கைக்குட்டையை எடுத்துக்கொள்ளலாம்!”

சென்னையிலிருந்து பெங்களூர் நோக்கி விரையும் இரயிலில், யாராவது ஒருவர் இப்படிச் சொல்லக் கேட்டிருப்பீர்கள். காட்பாடி வரையில் உண்டும் உறங்கியும் ஊர்க்கதை பேசியும் வந்தவர்கள், ஆம்பூர் நெருங்கியதும் சன்னலைச் சாத்துவார்கள். முகம் சுளியும். புடவைத் தலைப்பு மூக்குக்குப் போகும். (குளிர்ப்பெட்டியில் பயணம் செய்வோருக்கு இத்தொல்லை இல்லை, காசு கொடுத்தால் காற்றையும் வடிகட்டித் தருகிற காலமன்றோ இது!) “எப்படித்தான் இங்கே மனிதர்கள் வாழ்கிறார்களோ!” என்று, இரக்கமும் அருவருப்பும் சரிபாதி கலந்த குரலொன்று எழும். வண்டி சிறிது நேரம் நிற்கும், புறப்படும். வாணியம்பாடி கடந்ததும், எழுந்த கேள்வியும் காற்றோடு போய்விடும்.

அந்த வண்டியில் நானும் ஒருமுறை மூக்கைப் பொத்தினேன். நான் ஊருக்குப் புதியவனல்லன். தோல் பதனிடும் தொழிற்சாலையை எங்கள் பக்கத்தில் ‘தோல் ஷாப்பு’ என்பர். அந்த ஷாப்பின் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி நின்று, என்னைப் படிக்க வைத்தவர் என் தந்தை. மூன்றாண்டு சென்னையில் தங்கிப் படித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். வண்டி நிலையத்தில் நுழைந்தபோது என் கை என்னைக் கேளாமலே எழுந்தது. மேடையில் நின்ற என் அம்மா அதைப் பார்த்துவிட்டார்கள். பார்த்ததை நானும் பார்த்துவிட்டேன். கையை இறக்கினேன், ஆனால் இறக்கிய கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அம்மா சிரித்தார்கள். “ரெண்டு நாள்ல பழகிப்போயிடும், கண்ணு!” என்றார்கள்.

அவர்கள் சொன்னபடியே ஆயிற்று. மூன்றாம் நாள் காலை, அந்த நாற்றத்தைத் தேடிப் பார்த்தேன், காணவில்லை. தொட்டிகள் அங்கேதான் இருந்தன. தோல்கள் ஊறிக்கொண்டுதான் இருந்தன. பாலாற்றுக்குப் போகும் கால்வாய் அதே நிறத்தில்தான் இருந்தது. எதுவும் போய்விடவில்லை, எனக்குச் செய்தி சொல்லிக்கொண்டிருந்த மூக்கு, சொல்வதை நிறுத்திக்கொண்டது. அவ்வளவே!

‘பழகிவிடும்’ என்பதைப் போல் அன்பு நிறைந்த சொல் நம் மொழியில் அரிது. புகுந்த வீட்டில் விம்முகிற மருமகளுக்கு அதைச் சொல்கிறோம். முதல் நாள் துடைப்பம் ஏந்தியவனுக்குச் சொல்கிறோம். விடுதிச் சோற்றைப் பார்த்து விழிக்கும் பிள்ளைக்குச் சொல்கிறோம். ஆறுதலாகச் சொல்கிறோம், ஆனால் சொன்ன மாத்திரத்தில், அவர்கள் கண்ட குறையை ஆராயும் பொறுப்பிலிருந்து நாம் விடுபட்டுவிடுகிறோம். குறை பொருளில் இல்லை, பார்த்தவனின் பழக்கமின்மையில் இருக்கிறது என்று தீர்ப்பும் எழுதிவிடுகிறோம். முதல் நாள் மூக்கு சொன்னது உண்மையா, மூன்றாம் நாள் மூக்கு சொல்லாமல் விட்டது உண்மையா? இந்தக் கேள்வி நெடுநாள் என்னுள் கிடந்தது. அதை எடுத்துத் தீட்டிக் கொடுத்தவர், கடல் கடந்து வந்த ஒரு பெண்.

எங்கள் வட்டாரத்துக்கு இத்தகைய விருந்தினர் புதியவர் அல்லர். அமெரிக்க ஆர்க்காடு மிஷன் 1853ஆம் ஆண்டிலேயே இங்கே வேரூன்றிற்று. ஆம்பூரில் லுத்தரன் சபையார் பெத்தேசுதா மருத்துவமனையை 1921இல் தொடங்கினர். அக்காலத்தில் வந்தோர் வாழ்நாளைக் கட்டிக்கொண்டு வந்தனர். வந்த மண்ணிலேயே புதைந்தோரும் உண்டு. இன்று வருவோர் இளைஞர். மேல்நாட்டுத் திருச்சபை ஒன்று செலவை ஏற்கும்; இவர்கள் சில திங்களோ ஓராண்டோ ஒரு பள்ளியில், விடுதியில், மருத்துவமனையில் தொண்டும் பயிற்சியுமாக இருந்துவிட்டுத் திரும்புவர். செருமனியில் அரசே இவ்வகைப் பயணத்துக்குப் பொருள் உதவும் திட்டம் ஒன்றை 2008இல் ஏற்படுத்தியது. திருச்சபை அமைப்புகளும் அதன் வழியே பிள்ளைகளை அனுப்புகின்றன.

அவ்வாறு வந்தவர்தான் அந்தப் பெண். வயது பத்தொன்பது. பெயர் வேண்டாம், அவரை வைத்திருந்த விடுதியின் பெயரும் வேண்டாம். வாரத்தில் இரண்டு மாலை அவருக்குத் தமிழ் கற்பிக்கும் வேலை என்னிடம் வந்தது. “ஐயா” என்று என்னை அழைக்கக் கற்றுக்கொடுத்தேன். அது ஒன்றைத்தான் அவர் பிழையின்றிச் சொன்னார்.

வந்த முதல் வாரத்தில், தம் ஊர்ச் சபைக்கு எழுதிய மடலை எனக்குப் படித்துப் பொருள் சொன்னார். நாற்றம் அதில் முதல் வரியிலேயே வந்துவிட்டது. வைகறையில் சிற்றூர்தோறும் பேருந்து அனுப்பிக் காலணித் தொழிற்சாலைகள் பெண்களை அள்ளிக்கொண்டு போவதை எழுதியிருந்தார். அமர்வதற்குத் தமக்கு மட்டும் நாற்காலி தந்து, தாயின் வயதுடைய சமையற்காரப் பெண்மணியை நிற்கவைத்தே பேசுகிறார்கள் என்று எழுதியிருந்தார். படிக்கப் படிக்க எனக்குச் சினம் வந்தது, தோழர்களே! ‘வந்து ஏழு நாள் ஆகவில்லை, எங்கள் ஊரைப் பற்றி எழுத நீ யார்?’ என்னும் சினம். ஊர்ப்பற்று என்று அதற்குப் பெயர் சூட்டலாம். ஆனால், பார்த்துப் பார்த்து நான் பார்க்காமலே விட்ட நாற்காலியை ஒரு பிள்ளை பார்த்துவிட்டதே என்னும் வெட்கம், அந்தச் சினத்துக்குள்ளே ஒளிந்திருந்தது.

மடலை முடித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

“ஐயா, தொட்டியில் இறங்குகிறவர்கள் எல்லாரும் ஏன் ஒரே தெருவிலிருந்து வருகிறார்கள்?”

இந்தக் கேள்வியை அவர் விடுதிக் காப்பாளரிடமும் கேட்டாராம். “முதல் மாதம் எல்லாரும் இப்படித்தான் கேட்பார்கள், பழகிவிடும் அம்மா!” என்பது அங்கே கிடைத்த விடை.

நான் என்ன விடை சொல்வேன்? நூற்றாண்டுகளாக விடையளிக்காமலே காலங்கடத்திய கேள்வி அது. பதனிடும் ஷாப்புகளின் உரிமையாளர்களில் முசுலீம் வணிகர் மிகுதி. குழியில் இறங்குவோரில் ஒடுக்கப்பட்ட சாதியினரே மிகுதி. செத்த மாட்டின் தோலைத் தொட்டவன் தீட்டுப்பட்டவன் என்று ஒரு சாத்திரம் சொல்லிற்று. அதே தோலை இழுத்துக் கட்டி மிருதங்கமாக்கினால், அது சந்நிதி வரை போகும்! தோல் போகலாம், தோலைச் செய்து கொடுத்தவன் போகலாகாது! சாதியே இல்லை என்னும் மதத்தைச் சார்ந்த முதலாளியும், ஆள் எடுக்கும்போது மட்டும் அந்தத் தெருவைத்தான் தேடுகிறார். ‘எல்லாரும் ஓர் அப்பனின் பிள்ளைகள்’ என்று முழங்கும் திருச்சபை மட்டும் தப்பிற்றா? திருச்சி மேலப்புதூரில் கிறித்தவக் கல்லறைக்குள்ளேயே சாதிக்கொரு பக்கம் என்று சுவர் எழுப்பினரே! இவற்றையெல்லாம் செருமானியப் பெண்ணுக்கு எந்த வேற்றுமை உருபு கொண்டு விளக்குவது?

ஆனால் நான் அவரை எளிதில் விட்டுவிடவில்லை. “உன் காலணியைக் கழற்று அம்மா” என்றேன். விழித்தார். “ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தைக்கிற காலணி செருமனிக்குப் போகிறது, இங்கிலாந்துக்கும் இத்தாலிக்கும் போகிறது. உங்கள் ஊர்க் கடையின் கண்ணாடிப் பேழையில் அதற்கு மணம் பூசி வைத்திருப்பார்கள். நாற்றத்தை எங்களிடம் விட்டுவிட்டுக் காலணியை மட்டும் நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். உன் மடலில் இதையும் ஒரு வரி சேர்த்துக்கொள்” என்றேன். நெடுநேரம் அவர் பேசவில்லை.

புதியவரின் கண் கூரியதுதான். எனினும் அது எதிரே இருப்பதைத்தான் காணும், தன் காலடியைக் காணாது. மேலும், இவ்வகை மடல்களுக்கு ஒரு பழைய நோய் உண்டு. காணிக்கை தருவோர் உள்ளம் உருகவேண்டும். உருகினால்தான் பணப்பை திறக்கும். ஆகவே இருளைச் சற்றுத் தூக்கலாகத் தீட்டவேண்டும். மெலிந்த பிள்ளையின் படம் அங்கே மடலோடு போகும். அந்தப் பிள்ளை நேற்று வகுப்பில் முதலாவதாகத் தேறிய செய்தி போகாது. படியளப்பவனுக்கு எழுதும் மடலில் பார்வையும் படியளப்பவனுடையதாகிவிடுகிறது. இதனால்தான் நம்மவர், ‘வெள்ளைக்காரன் எழுதியது’ என்று சொல்லி, மடலில் உள்ள பொய்யோடு மெய்யையும் சேர்த்துக் கிழித்துப் போடுகிறார்கள்.

அப்படிக் கிழிக்க முடியாத முதற்பார்வைகளும் இம்மண்ணில் உண்டு. ஐடா ஸ்கடர் 1870இல் இராணிப்பேட்டையில் பிறந்தவர். தந்தை மிஷன் மருத்துவர். சிறுமியாக இருந்தபோது, 1876 முதல் 1878 வரை நாட்டைச் சூறையாடிய பஞ்சத்தின் கோரத்தைக் கண்டவர். பின்னர் அமெரிக்காவில் வளர்ந்தார். இந்தியாவில் மிஷன் வாழ்வு தமக்கு வேண்டாம் என்பது அவர் உறுதி. தாய் நோயுற்றதால் மட்டுமே, இருபது வயதளவில், சிலகாலம் உதவிவிட்டுத் திரும்பும் எண்ணத்தோடு திண்டிவனம் வந்தார். இன்று வருகிற பயிற்சித் தொண்டர்களின் நிலையே ஏறத்தாழ அவர் நிலையும்.

ஓர் இரவு மூன்று ஆடவர், ஒருவர்பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினர். ஒருவர் பார்ப்பனர், ஒருவர் முசுலீம், ஒருவர் வேறோர் உயர்சாதி இந்து. மூவர் வீட்டிலும் பேறுகால வேதனை. மூவரும் அந்த இளம்பெண்ணைத்தான் வரச்சொல்லிக் கெஞ்சினர். “எனக்கு மருத்துவம் தெரியாது, என் தந்தை மருத்துவர், அவரை அழைத்துச் செல்லுங்கள்” என்றார் அவர். அயல் ஆடவன் எங்கள் பெண்ணைத் தொடுவதா? மூவரும் மறுத்தனர். விடிவதற்குள் மூன்று பெண்களும் மாண்டனர்.

அந்த மூவரும் கொடியவரா? அப்படிச் சொல்லிவிட்டால் எளிதாகப் போய்விடும். கொடியவன் நள்ளிரவில் மனைவிக்காக அந்நியர் வீட்டுக் கதவைத் தட்டமாட்டான். அவர்களுக்கு அன்பு இருந்தது, கண்ணீர் இருந்தது. அதே இரவில் அவர்களுக்குள் ஒரு பழக்கமும் இருந்தது. அது அன்பைவிட வலிதாய் இருந்தது. இரண்டு மதம், இரண்டு வேதம். ‘பெண் சாகலாம், வழக்கம் சாகக்கூடாது’ என்பதில் மட்டும் மூவர்க்கும் ஒரே கொள்கை! ஊர் அதைத் துயரமென்று கருதியிருக்கும், விந்தையென்று கருதியிராது. விந்தையாகக் கண்டவள், பழகாத ஒரு பெண்தான்.

இதில் நான் பெரிதாகக் கருதுவது, அவர் கண்டதை அன்று, கண்டபின் செய்ததை. உருக்கமான மடலெழுதிக் கப்பலேறியிருக்கலாம். திரும்பிப் போனது உண்மை. மருத்துவம் படிக்கப் போனார். கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1899இல் மருத்துவரானார். 1900இல் வேலூர் வந்தார். 1902இல் நாற்பது படுக்கை கொண்ட மருத்துவமனை எழுந்தது. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்கிற்று. ‘ஆண் மருத்துவர் தொடலாகாது’ என்றவர்களோடு அவர் வாதாடிக்கொண்டிருக்கவில்லை. தொடக்கூடிய பெண் மருத்துவர்களையே இந்நாட்டுப் பெண்களிலிருந்து ஆக்கத் தொடங்கிவிட்டார். ஓர் இரவில் கண்ட காட்சிக்கு அறுபதாண்டு வாழ்வை விலையாகக் கொடுத்து, 1960இல் கொடைக்கானலில் மறைந்தார். அவர் எந்தக் கடவுளை முன்னிட்டுச் செய்தார் என்பது அவரவர் நம்பிக்கையைப் பொறுத்தது. பிழைத்த தாய்மார்களின் எண்ணிக்கை எவர் நம்பிக்கையையும் பொறுத்ததன்று.

இன்னொருவரைப் பாருங்கள். பால் பிராண்ட் 1914இல் கொல்லிமலையில், மிஷன் பெற்றோருக்குப் பிறந்தார். ஒன்பது வயதில் இங்கிலாந்து அனுப்பப்பட்டார். அறுவை மருத்துவராகி 1946இல் வேலூர் வந்தார். வந்த சிறிது காலத்தில் செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே விரல்கள் மடங்கி விறைத்த கைகளை நூற்றுக்கணக்கில் கண்டார். அந்நோயில் பெரும்புலமை பெற்ற காக்ரேன் உடனிருந்தார். ‘இந்தக் கைகள் ஏன் இப்படி ஆகின்றன? ஏன் யாரும் சீர்படுத்தவில்லை?’ என்று பிராண்ட் கேட்டார். ‘நான் தோல் மருத்துவன், எலும்பும் தசையும் பார்க்கிற நீயல்லவா விடை சொல்லவேண்டும்’ என்னும் கருத்தில் காக்ரேன் திருப்பிக் கேட்டார். பிராண்ட் ஒரு நோயாளியின் மடங்கிய கையில் தம் கையை வைத்து அழுத்தச் சொன்னார். வலியால் துள்ளிவிட்டார்! செத்த கை என்று உலகம் ஒதுக்கிய கையில் அத்தனை வலிமை இருந்தது. தசைநாண்களை இடம் மாற்றித் தைத்து அக்கைகளை மீண்டும் விரியச் செய்யும் அறுவை முறை, அந்தப் பிடியிலிருந்துதான் பிறந்தது.

தொழுநோயாளியின் விரல் அழுகி விழுகிறது என்றே அதுவரை பெரும்பாலோர் நம்பினர். பிராண்டும் அவருடைய தோழர்களும் கூர்ந்து நோக்கினர். நோய் நரம்பைக் கொன்றுவிடுகிறது, வலி தெரிவதில்லை. சுடுபாத்திரம் சுடுவது தெரியவில்லை. ஆணி குத்துவது தெரியவில்லை. இரவில் உறங்கும்போது எலி வந்து விரலைக் கடித்துத் தின்பதுகூடத் தெரியவில்லை! விரலை இழந்தது நோயால் மட்டுமன்று, நோவை உணராமையால். சதையில் குறையில்லை, சதைக்கு வந்த கேட்டைச் சொல்ல ஆளில்லை.

தோல் ஷாப்புக்குத் திரும்புவோம். தோலிலிருந்து மயிரை நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்க்கிறார்கள். அந்தக் கழிவு அமிலத்தோடு கலந்தால் ஒரு வளி கிளம்பும். ஐதரசன் சல்பைடு என்பது அதன் பெயர். அழுகிய முட்டையின் நாற்றம். சிறிதளவே இருக்கும்போது மூக்கைத் துளைக்கும். அளவு மிகும்போது மோப்ப நரம்பையே முடக்கிவிடும். அப்போது நாற்றம் சட்டென்று நின்றுபோகும். கழிவுத் தொட்டியில் இறங்கியவன், ‘அப்பாடா, நாற்றம் விட்டது’ என்று எண்ணுகிற அந்தக் கணந்தான் அவன் சாவுக்கு மிக அண்மையில் நிற்கிற கணம். ஒருவன் மயங்கி விழ, அவனைத் தூக்க இறங்கியவனும் விழ, அவனைத் தூக்க இறங்கிய மூன்றாமவனும் விழுந்த செய்திகளை எங்கள் பக்கத்தார் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! கேட்டுக் கேட்டு… ஆம், அதே சொல்தான்.

இந்தச் செய்தியை வேதியியல் நூலில் படித்த அன்று, அம்மா சொன்ன “பழகிப்போயிடும், கண்ணு” என் காதில் வேறு குரலில் கேட்டது.

பாலாற்றங்கரையில் தென்னை வைத்தவர்களைக் கேளுங்கள். ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாகிறது என்றும், பதனிடும் பகுதியில் ஏறத்தாழ 35,000 எக்டேர் வேளாண் நிலம் முழுதாகவோ ஓரளவோ பயிருக்கு உதவாமல் போயிற்று என்றும், உச்ச நீதிமன்றத்தின் 1996 ஆகஸ்ட் 28ஆம் நாள் தீர்ப்பில் பதிவாகியுள்ளது. கெடுத்தவனே ஈடு கொடுக்கவேண்டும் என்னும் நெறியை நாட்டுக்கே சட்டமாக்கிய தீர்ப்பு அது. வேலூர்க் குடிமக்கள் தொடுத்த வழக்கு. பெருமைதான்! ஆனால் 2025 ஜனவரி 30ஆம் நாள், அதே ஆற்றுக்காக அதே நீதிமன்றம் மீண்டும் ஒரு தீர்ப்பு எழுத நேர்ந்தது. இடையில் 28 ஆண்டு ஓடிற்று. ஒரு தலைமுறை பிறந்து, பாலாறு என்றால் மணல் என்றே கற்று வளர்ந்துவிட்டது.

வெளியிலிருந்து வந்தவரால்தான் நம் குறை தெரியும் என்று சொல்ல நான் வரவில்லை. ஐடா இராணிப்பேட்டைக் குழந்தை. பிராண்ட் கொல்லிமலைக் குழந்தை. முற்றிலும் அயலாரும் அல்லர், முற்றிலும் பழகியவரும் அல்லர். போய்விட்டு வந்தவர்கள். நம்மவருக்கும் அது நேர்ந்ததுண்டு. கொச்சியில் பிறந்து வேலூரில் பயின்ற மருத்துவர் மேரி வர்கீஸ், 1954இல் ஊர்தி விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். பின்பு ஆசுதிரேலியாவிலும், அடுத்து நியூயார்க்கிலும் மறுவாழ்வு மருத்துவம் பயின்றார். கால் வழங்காதவர் பிறர் கையை எதிர்பாராமல் எழலாம், உண்ணலாம், தொழில் செய்யலாம் என்பதை அங்கே பாடமாகவும், தம் உடம்பிலேயே பயிற்சியாகவும் கற்றார். அந்தக் கண்ணோடு திரும்பியவருக்கு, நம் ஊர் வாயிற்படி ஒவ்வொன்றும் எப்படித் தெரிந்திருக்கும்! ‘விதி’ என்று நாம் அதுகாறும் அழைத்தது, பாதி அளவு படிக்கட்டுகளாக அன்றோ இருந்தது! வேலூரில் 1966இல் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது.

செலவேற்கச் சபையும், வழியனுப்பக் கூட்டமும், மடல் படிக்க ஊரும் உள்ளவர்களைப் பற்றியே பேசிவிட்டேன். எங்கள் ஊருக்கு வேறு வகைப் புதியவரும் வருகிறார்கள். மூட்டையோடு வருவார்கள், மொழி தெரியாது, தரகன் சொன்ன இடத்தில் இறங்குவார்கள். மேற்கு வங்கத்திலிருந்து வந்த அத்தகையோர் சிலர், இராணிப்பேட்டை சிப்காட் பகுதியில் ஒரு ஷாப்புக்குள்ளேயே உறங்கிக்கொண்டிருந்தனர். 2015 ஜனவரி 31 அன்று, விடியுமுன், பக்கத்திலிருந்த கழிவு சுத்திகரிப்பு நிலையத்தின் தேக்கத் தொட்டிச் சுவர் இடிந்து, சேறு அவர்கள்மீது பாய்ந்தது. பத்துப்பேர் மாண்டனர், பெரும்பாலோர் அந்த வங்கத்து இளைஞர்கள்.

அவர்களும் முதல்நாள் மூக்கைப் பொத்தியிருப்பார்கள். அவர்களுக்கும் ஏதோ ஒன்று விந்தையாகப் பட்டிருக்கும். ஏதோ ஒரு கேள்வி எழுந்திருக்கும். அந்தச் சுவரைப் பார்த்துவிட்டு ஒருவன், ‘இதன் அடியிலா படுப்பது?’ என்று தன் மொழியில் கேட்டிருக்கவும் கூடும். கேட்டிருந்தால் என்ன விடை கிடைத்திருக்கும் என்று சொல்ல எனக்கு வங்கமொழி தெரிய வேண்டியதில்லை. செருமானியப் பெண்ணின் முதல் எண்ணங்களை ஒரு சபையே கூடியிருந்து கேட்டது. இவர்களுடைய முதல் எண்ணங்களை எழுதி வாங்க எந்தச் சபை இருந்தது? எந்த இதழ் இருந்தது? நம் இதழ்களையும் சேர்த்தே கேட்கிறேன்.

அந்தப் பெண் ஓராண்டு முடிந்து புறப்பட்டார். விடுதியில் பாராட்டுக் கூட்டம், பொன்னாடை, பிள்ளைகளின் ஆடல், நீண்ட நன்றியுரைகள். தமிழில் பேசச் சொன்னார்கள். அழகாகவே பேசினார், ‘ழ’கரம்கூட ஓரளவு வந்தது, ஆசிரியன் என்ற முறையில் எனக்குப் பெருமை. முன்வரிசையிலிருந்த ஒருவர், வேடிக்கையாக, “வந்தபோது மூக்கைப் பொத்தினாயே அம்மா, இப்போது எப்படி?” என்று கேட்டார்.

அவர் சிரித்துக்கொண்டே எங்கள் ஊர்த் தமிழில் சொன்னார்: “பழகிடுச்சு!”

கூடம் அதிர்ந்தது. காப்பாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ‘நம்மில் ஒருத்தியாகிவிட்டாள்’ என்று பக்கத்திலிருந்தவர் என் தொடையைத் தட்டினார். என் கைகளும் எல்லாரோடும் தட்டுவதற்கு எழுந்தன. எழுந்தவை, பாதியில் நின்றன. சுவரோரமாக, தேநீர்த் தட்டை ஏந்தி அந்தச் சமையற்காரப் பெண்மணி நின்றுகொண்டிருந்தார். அவர் அருகில் நாற்காலிகள் மூன்று காலியாகவே கிடந்தன.